மலையடிவாரத்தில் ஜரிகை உருக்குப் பட்டறை

ஒரு கிலோ பழைய சுத்த ஜரிகையில் 570 கிராம் வெள்ளியும் 6 கிராம் தங்கமும் 180 கிராமுக்குச் சற்று மேல் செம்பும் இருக்கும். மிச்சம் பட்டு நூல். காஞ்சிபுரம் பட்டுக்குரிய ஜரிகைக்கு நெடுங்காலம் சொல்லப்பட்ட அளவு இது: வெள்ளி 57 சதவீதம், தங்கம் 0.6 சதவீதம். பின்னாளில் வெள்ளியைக் குறைத்துச் செம்பைக் கூட்டிய ஜரிகையும் வந்தது. அதற்குப் பிறகு தங்கமோ வெள்ளியோ பெயருக்குக்கூட இல்லாத பாலியஸ்டர் மினுக்கு நூலும் வந்தது. இவை எல்லாம் கலந்துதான் பழைய புடவை வாங்குபவரின் மூட்டையில் உங்களிடம் வந்து சேரும்.

ஆரணிச் சுற்றுவட்டாரத்தில் தறி ஓடும் ஊர்களிலிருந்து இந்த மூட்டைகள் வெளியூர் உருக்குக்காரரிடம் போகின்றன. அந்த உலோகத்தை ஏன் இங்கேயே எடுக்கக் கூடாது என்று படவேட்டுப் பக்கத்து நெசவாளர் குழுவோ பொற்கொல்லர் குடும்பமோ கேட்டால், அது நியாயமான கேள்விதான். இந்த அத்தியாயம் அவர்களுக்காக எழுதப்பட்டது. படவேடு ஜவ்வாது மலையின் அடியில் இருக்கிறது. கமண்டல நாகநதி ஊரை ஒட்டி ஓடுகிறது. வாழையும் நெல்லும் கிணற்றுத் தண்ணீரில் விளைகின்றன. இப்படிப்பட்ட நிலத்தில் பொன் வெள்ளிப் பட்டறை போடுபவர், உலை வாங்குவதற்கு முன்பே, எந்த வேலையை இங்கே செய்வது, எதை இங்கே செய்யாமல் விடுவது என்று தீர்மானித்துவிட வேண்டும். மற்ற கணக்கெல்லாம் அதற்குப் பின்னால்தான்.

மலையும் மழையும் கவிழ்த்த ஆலைகள்

தமிழ்நாட்டிலேயே இதற்குப் பழைய பாடம் ஒன்று உண்டு. நீலகிரியின் கூடலூர்ப் பக்கம் தேவாலா, பந்தலூர் காடுகளில் குறும்பரும் பணியரும் ஆற்று மணலை மரத்தட்டில் அலசிப் பொன் எடுத்து வந்தார்கள். ஆஸ்திரேலியாவிலிருந்து வரவழைக்கப்பட்ட சுரங்க வல்லுநர் பிரோ ஸ்மித் 1880-இல் நம்பிக்கையூட்டும் அறிக்கை ஒன்றைக் கொடுத்தார். அதை ஒட்டிய இரண்டு மூன்று ஆண்டுகளில் லண்டனில் பங்கு விற்றுக் கம்பெனிகள் முளைத்தன. பாறையை இடிக்கும் கனமான இயந்திரங்கள் கப்பலில் வந்து, மலைப்பாதையில் ஏற்றப்பட்டன. பாறையில் எவ்வளவு பொன் இருக்கிறது என்று முறையாகச் சோதித்து முடிப்பதற்குள் ஆலை கட்டப்பட்டுவிட்டது. தமிழ்நாட்டிலேயே மிக அதிகம் மழை கொட்டும் இடங்களில் தேவாலாவும் ஒன்று. காய்ச்சல் கூலியாட்களைச் சாய்த்தது. டன் கணக்கில் இடித்த கல்லில் கிடைத்த பொன் செலவுக்குக் கட்டவில்லை. சில ஆண்டுகளில் எல்லாம் மூடப்பட்டு, அந்த மண்ணில் தேயிலை நின்றது.

பப்புவா நியூ கினியாவின் ஓக் டெடி இன்னும் கடுமையான கதை. ஆண்டெல்லாம் மழை விடாத மலை அது. தங்கம் எடுக்கத் தொடங்கவிருந்த நேரத்தில், 1984 ஜனவரியில், கழிவைத் தேக்கக் கட்டிய அணையின் அடித்தளத்தையே மண்சரிவு வாரிக்கொண்டு போனது. அணையைத் திரும்பக் கட்டவில்லை, ஆனால் சுரங்கம் மட்டும் ஓடியது. கழிவு ஆற்றில் இறங்கிக் கீழே ஃபிளை ஆற்றுக் கரைக் கிராமங்களின் மீனையும் தோட்டத்தையும் கெடுத்தது. கயானாவின் ஒமாய் தங்கச் சுரங்கத்தில் 1995 ஆகஸ்டில் கழிவு அணை உடைந்து சயனைடு கலந்த நீர் எசெக்கிபோ ஆற்றில் கலந்தது. இரண்டு இடத்திலும் பொன் எடுக்கும் பகுதி ஒழுங்காகத்தான் வேலை செய்தது. கழிவு நிற்க இடம் இல்லாததால்தான் கெட்டது.

நம் பக்கத்துக் கோலாரையும் மறக்க வேண்டாம். பழைய வட ஆற்காடு மாவட்டத்தின் வறண்ட ஊர்களிலிருந்து தலைமுறை தலைமுறையாக ஆட்கள் அங்கே இறங்கி வேலை செய்தார்கள். 1880-இல் ஜான் டெய்லர் கம்பெனி தொடங்கிய அந்தச் சுரங்கம் 3 கிலோமீட்டருக்கு மேல் ஆழம் போனது. 1902-இல் சிவசமுத்திரத்திலிருந்து நீண்ட கம்பி இழுத்து மின்சாரம் கொண்டு வந்தார்கள். பொறியியலில் குறை சொல்ல இடமில்லை. 2001 பிப்ரவரி 28-இல் சுரங்கம் மூடப்பட்டது. சயனைடில் ஊறிய மண் மேடுகள் மட்டும் ஊர் நடுவே நின்றுவிட்டன. காற்றடித்தால் அந்தத் தூசி இன்றும் வீட்டுக்குள் வருகிறது.

உங்கள் பட்டறை இவற்றோடு ஒப்பிடத் தகாத அளவு சிறியது. ஆனால் கமண்டல நாகநதியும் சிறிய ஆறுதான். அது செய்யாற்றில் சேர்கிறது, செய்யாறு பாலாற்றில். பாலாற்றுப் படுகை என்ன பட்டிருக்கிறது என்பதை ராணிப்பேட்டையில் மூடிக்கிடக்கும் குரோமேட் ஆலையின் கழிவு மேட்டைப் பார்த்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

இடத்தை மழையில் போய்ப் பாருங்கள்

மனையைச் சித்திரையில் பார்த்து வாங்காதீர்கள். ஐப்பசியில், மழை பெய்து கொண்டிருக்கும்போதே, குடையோடு போய் நில்லுங்கள். தண்ணீர் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது, எங்கே தேங்குகிறது, எந்த வாய்க்காலில் விழுகிறது என்று அப்போதுதான் தெரியும். 2021 நவம்பரில் இந்த மாவட்டத்து ஆறுகளில் வெள்ளம் வந்தபோது தண்ணீர் எதுவரை ஏறியது என்று பக்கத்து வயல்காரரைக் கேளுங்கள். அவர் கைகாட்டும் கோட்டுக்கு மேலே உங்கள் தரைமட்டம் இருக்க வேண்டும்.

சரிவில் மண்ணை வெட்டிச் சமதளம் செய்வதாக இருந்தால் இன்னும் கவனம் தேவை. 2024 டிசம்பர் 1-ஆம் தேதி, ஃபெஞ்சல் புயல் மழையில், திருவண்ணாமலையில் மலைச் சரிவை ஒட்டிய வ.உ.சி. நகரில் மண் சரிந்து ஏழு பேர் போனார்கள். மலையிலிருந்து தள்ளி, பாறை தெரியும் மேட்டு நிலமாகத் தேர்ந்தெடுங்கள். கட்டடத்தின் மேட்டுப் பக்கத்தில் ஒரு வாய்க்கால் வெட்டி, மலைத்தண்ணீர் உங்கள் மனைக்குள் நுழையாமலே சுற்றிப் போகும்படி செய்யுங்கள். நீர்வழிப் புறம்போக்கு, ஓடை, பழைய மதகு எதையும் தொடாதீர்கள்.

சட்டமும் இதைத்தான் கேட்கிறது. மாசு அதிகம் உண்டாக்கும் தொழிலை ஆறு, ஏரி போன்ற நீர்நிலைகளிலிருந்து 1 கிலோமீட்டருக்குள் தொடங்கக் கூடாது என்று 1989-லேயே தமிழக அரசு ஆணையிட்டிருக்கிறது. பாலாறு போன்ற பேராறுகளுக்கு 1998-இல் அந்தத் தூரத்தை 5 கிலோமீட்டராகக் கூட்டியது. படவேட்டில் ஆற்றையும் ஏரியையும் செண்பகத்தோப்பு அணையையும் வரைபடத்தில் குறித்து, ஒவ்வொன்றையும் சுற்றி 1 கிலோமீட்டர் வட்டம் போட்டுப் பாருங்கள். அமில வேலைக்கு மிஞ்சும் நிலம் எவ்வளவு சிறியது என்பது கண்ணுக்குத் தெரியும். கூடவே, மலையிடப் பாதுகாப்புக்கு உட்பட்ட கிராமங்களின் பட்டியலில் உங்கள் சர்வே எண் வருகிறதா என்றும், பாதுகாக்கப்பட்ட தொல்லியல் சின்னத்திலிருந்து 100 மீட்டருக்குள் விழுகிறதா என்றும் பாருங்கள். சம்புவராயர் தலைநகராக இருந்த ஊர் இது. அஸ்திவாரம் தோண்டும்போது பழைய கல் ஏதாவது தட்டுப்பட்டால் வேலையை நிறுத்தி வட்டாட்சியருக்குச் சொல்வது உங்கள் கடமை.

என் தீர்ப்பை இங்கேயே சொல்லிவிடுகிறேன். தரம் பிரிப்பது, பட்டு நூலை நீக்குவது, உருக்கிக் கட்டியாக்குவது ஆகிய உலர்ந்த வேலைகளை ஊரில் வைத்துக்கொள்ளுங்கள். அமிலத்தில் கரைத்துப் பொன்னையும் வெள்ளியையும் பிரிக்கும் ஈர வேலையைக் கழிவுநீர் வசதியுள்ள தொழிற்பேட்டையில் செய்யுங்கள், அல்லது கட்டியைச் சோதித்துச் சுத்திகரிப்பாளருக்கு விற்றுவிடுங்கள். கட்டியின் மாதிரிச் சோதனை உங்கள் கையில் இருந்தால் விலையில் ஏமாற மாட்டீர்கள். மூட்டையாக விற்கும்போது போகிற பணத்தில் பெரும்பகுதி அந்த ஒரு சோதனைச் சீட்டாலேயே திரும்பிவிடும்.

உலர்ந்த வேலை

முதலில் தரம் பிரியுங்கள். நூலின் மேற்பூச்சைச் சற்றே சுரண்டிக் குளிர்ந்த காஸ்டிக் சோடாக் கரைசலில் போடுங்கள். நுரைத்துக் குமிழி விட்டால் உள்ளே இருப்பது அலுமினியம் பூசிய பிளாஸ்டிக், அதைத் தனியே வையுங்கள். அது உலைக்குள் போகவே கூடாது. குமிழி வராத நூலைக் கண்ணாடித் துண்டின் மேல் வைத்து ஒரு சொட்டு நைட்ரிக் அமிலம் விடுங்கள். பச்சை நீலமாகக் கரையும். அதன் மேல் ஒரு சொட்டு உப்புத் தண்ணீர். தயிர்போல வெள்ளையாகத் திரண்டால் வெள்ளி இருக்கிறது. திரளாமல் பச்சையாகவே நின்றால் அது செம்புக் கம்பி, டெஸ்டட் ஜரிகை. கையடக்க எக்ஸ்ரே சோதனைக் கருவி இருந்தால் நல்லது, ஆனால் அது இல்லாமலும் நாளொன்றுக்கு வரும் மூட்டையைப் பிரித்துவிடலாம்.

அடுத்தது பட்டு நூலை நீக்குவது. பெரும்பாலானோர் திறந்த வெளியில் எரிக்கிறார்கள். பட்டு என்பது புரதம். மயிர் கருகும் நெடியோடு எரியும்போது அதில் உள்ள நைட்ரஜன் நச்சு வாயுக்களாகவும் மாறும். மூட்டைக்குள் ஒளிந்திருக்கும் பாலியஸ்டர் அதோடு சேர்ந்தால் புகை இன்னும் மோசம். எரித்தே ஆக வேண்டும் என்றால் மூடிய இரும்புப் பெட்டியில் மெல்லக் கருக்கி, அந்தப் புகையை இரண்டாவது அறையில் எரிவாயுச் சுவாலை வழியாக அனுப்பி எரித்துவிட்டு, பிறகு புகைபோக்கிக்கு விடுங்கள்.

எனக்குப் பிடித்த வழி வேறு. பட்டு, கொதிக்கும் 5 சதவீதக் காஸ்டிக் சோடாக் கரைசலில் சில நிமிடங்களில் கரைந்துவிடும். வெள்ளி, செம்பு, தங்கம் மூன்றும் கரையாமல் நிற்கும். புகையே இல்லை. துருப்பிடிக்காத எஃகுப் பாத்திரம் வேண்டும். அலுமினிய அண்டாவை இந்த வேலைக்கு எடுத்தால் அண்டாவே கரைந்து, தீப்பற்றும் ஹைட்ரஜன் வாயு கிளம்பும். மிஞ்சும் பழுப்புக் கரைசலைச் செம்புக் கழிவோடு ஒருபோதும் கலக்காதீர்கள். புரதம் செம்பைப் பிடித்துக்கொண்டு, சுண்ணாம்பு போட்டாலும் அடியில் படியவிடாது.

உருக்கும்போது மழைக்காலத்தில் மட்டும் வரும் ஆபத்து ஒன்று உண்டு. ஐப்பசி, கார்த்திகையில் காற்றின் ஈரத்தை மூசை குடித்துக்கொள்ளும். அதை அப்படியே உலையில் வைத்தால் விரிசல் விடும். வார்ப்பு அச்சில் ஈரம் இருந்தால், உருகிய வெள்ளி அதன் மேல் விழும் கணத்தில் ஈரம் ஆவியாகி, ஆயிரம் டிகிரி உலோகத்தை முகத்தில் தெறிக்கச் செய்யும். மூசையையும் அச்சையும் இடுக்கியின் நுனியையும் உலையருகில் வைத்து, கைப்பிடி தண்ணீர் தெளித்தால் சீறும் அளவு சூடாக்கிய பிறகே தொடுங்கள். மழை நாளில் இது மணிக்கணக்காக ஆனாலும் ஆகட்டும். வெங்காரமும் ஈரம் பிடித்திருந்தால் பொங்கி வழியும். காற்றுப்புகாத டப்பாவில் வையுங்கள்.

வெள்ளி உருகுவது 962 டிகிரியில், செம்பு 1,085-இல். எல்.பி.ஜி. உலை இதற்குப் போதும். இண்டக்‌ஷன் உலை வேகமானது, ஆனால் அதற்கு நிலையான மும்முனை மின்சாரமும் குளிர்விக்கும் நீரோட்டமும் வேண்டும். புயல் மழையில் இரண்டும் ஒருசேரப் போய்விடும் இடத்தில் அதை நம்பி முதல் போடாதீர்கள்.

அமிலத்தை இங்கே வைத்தே தீர வேண்டும் என்றால்

முன்பு போட்ட 1 கிலோமீட்டர் வட்டத்துக்கு வெளியே நிலம் இருக்கிறது, அனுமதியும் கிடைக்கும், சரக்கும் போதுமான அளவு வருகிறது என்றால் ஈரப் பகுதியைக் கட்டலாம். அப்போது கணக்கு இப்படிப் போகும். ஒரு கிலோ ஜரிகையிலிருந்து வரும் உலோகத்தைக் கரைக்கக் கடைச்சரக்கான 68 சதவீத நைட்ரிக் அமிலம் ஏட்டுக் கணக்கில் 1 லிட்டர் ஆகும். கைவேலையில் ஒன்றரை லிட்டர் வரை வையுங்கள். வெள்ளியும் செம்பும் கரைந்து போகும். தங்கம் கறுத்த வண்டலாக அடியில் நிற்கும். 6 கிராம் வண்டல் என்பது கண்ணுக்கு மிகச் சிறியது, தூளாகவும் இருக்கும். அவசரப்பட்டு வடிகட்டினால் தாளைத் தாண்டிப் போய்விடும். ஓர் இரவு அசையாமல் விட்டு, தெளிந்ததை மெல்லச் சாய்த்து எடுங்கள்.

கரைக்கும் தண்ணீர் எது என்பதில்தான் பலர் தோற்கிறார்கள். இந்தப் பக்கத்து போர்வெல் தண்ணீரில் உப்பு உண்டு. தெளிந்த வெள்ளிக் கரைசலில் அதன் ஒரு சொட்டு விழுந்தால், விழுந்த இடத்திலிருந்து பால் படலம் கிளம்பிப் பரவுவதைப் பார்க்கலாம். வெள்ளி, குளோரைடாக மாறி, தங்க வண்டலோடு கலந்துவிடும். அந்த உப்பே நைட்ரிக் அமிலத்தோடு சேர்ந்து தங்கத்திலும் சிறிதைக் கரைத்துவிடக் கூடும். இதற்கு மலையடிவாரம் தரும் பரிசு மழைநீர். பட்டறைக்குத் தள்ளி இருக்கும் ஒரு சுத்தமான கூரையில் முதல் மழையைக் கழித்துவிட்டு, பிறகு விழுவதை மூடிய பிளாஸ்டிக் தொட்டியில் பிடித்து வையுங்கள். திருவண்ணாமலை மாவட்டத்தில் ஆண்டுக்குச் சுமார் 1,000 மில்லிமீட்டர் பெய்கிறது. 20 சதுர மீட்டர் கூரை போதும், ஆண்டு முழுக்க அமிலத்துக்குத் தேவையான நீர் வந்துவிடும். சில்வர் நைட்ரேட்டுக் கரைசலில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்து, வெளுக்காத நீரை மட்டும் பயன்படுத்துங்கள்.

கரைசலிலிருந்து வெள்ளியைத் திருப்பி எடுக்க இரண்டு வழிகள் வழக்கத்தில் உள்ளன. செம்புத் தகட்டைத் தொங்கவிட்டால் வெள்ளி பஞ்சாகப் படியும். வேலை எளிது. ஆனால் 570 கிராம் வெள்ளி படிய 168 கிராம் செம்பு புதிதாகக் கரையும். ஏற்கெனவே கரைந்த 184 கிராமோடு சேர்த்து உங்கள் கழிவில் செம்பு ஏறக்குறைய இரட்டிப்பாகும். உப்புப் போட்டுக் குளோரைடாக வீழ்த்தினால் சுமார் 310 கிராம் உப்பு போதும், செம்பு கூடாது. கழுவுவதும் பிறகு வெள்ளியாக மாற்றுவதும் கூடுதல் வேலை. ஆற்றுப் படுகையில் இருப்பவர் அந்தக் கூடுதல் வேலையை ஏற்கத்தான் வேண்டும். ஒன்றே ஒன்று: அமோனியா இந்தக் கட்டடத்துக்குள் வரவே கூடாது. வெள்ளியும் அமோனியாவும் கலந்த கரைசல் நின்று காய்ந்தால் தொட்டாலே வெடிக்கும். சயனைடும் அதேபோல. முலாம் பட்டறைக்காரர் நாளை சலுகை விலையில் சயனைடு தருகிறேன் என்று வந்தாலும் வேண்டாம் என்று சொல்லுங்கள். அமிலமும் சயனைடும் ஒரே கூரையின் கீழ் இருக்கக் கூடாது.

மேசைக்குக் கடப்பாக்கல் போடாதீர்கள். எல்லோரும் போடுவது அதுதான். அது சுண்ணாம்புக் கல், அமிலம் பட்டால் நுரைத்து அரிக்கும். கருங்கல் பலகை போடுங்கள், இணைப்புகளை எப்பாக்ஸியால் பூசுங்கள். அமிலக் கேன்களைச் சுற்றிக் கட்டும் தொட்டிச்சுவர், மிகப் பெரிய கேனின் கொள்ளளவில் 110 சதவீதம் பிடிக்க வேண்டும். அதன் மேல் கூரையும் வேண்டும், இல்லையேல் ஒரே மழையில் அந்த இடத்தை மழைநீர் பிடித்துக்கொள்ளும். தறி ஊரில் கை துடைக்க நூல் வேஸ்டைத்தான் எடுப்பார்கள். நைட்ரிக் அமிலம் சிந்திய இடத்தை நூல் வேஸ்டாலோ உமியாலோ துடைத்துக் குவித்தால் தானே தீப்பற்றும். தண்ணீரும் சோடாவும் மட்டும்தான்.

புகை எங்கே போகும்

ஒரு கிலோ ஜரிகை கரைவதில் சுமார் 90 லிட்டர் நைட்ரிக் ஆக்ஸைடு வாயு வரும். காற்றில் பட்டதும் அது பழுப்பு நிற நைட்ரஜன் டை ஆக்ஸைடாக மாறும். காற்றைவிடக் கனமானது. தரையோடு தரையாகப் படுத்து, தாழ்வான மூலையில் தேங்கும். எனவே உறிஞ்சும் வாய் பாத்திரத்தின் விளிம்போடும் தரை மட்டத்திலும் இருக்க வேண்டும். கூரையில் எக்ஸாஸ்ட் ஃபேன் மட்டும் மாட்டினால், வேலை செய்பவரின் மூக்கு வழியாகத்தான் அது மேலே போகும்.

காஸ்டிக் தெளிக்கும் கழுவு கோபுரம் ஒன்று கட்டாயம். அதற்கு முன்னால் வெறும் பிளாஸ்டிக் டிரம் ஒன்றையோ இரண்டையோ வையுங்கள். நிறமற்ற நைட்ரிக் ஆக்ஸைடு காரத்தில் எளிதில் கரையாது. காற்றோடு கலந்து பழுப்பாக மாற அதற்கு இடமும் நேரமும் தேவை. டிரம் இல்லாமல் கோபுரம் மட்டும் வைத்தவர்கள், கோபுரத்துக்குள் தெளிவாகப் போன புகை வெளியே வந்த பிறகு பழுப்பாவதைப் பார்த்திருப்பார்கள்.

மலையடிவாரக் காற்றுக்கு ஒரு நேரக் கணக்கு உண்டு. பகலில் வெயில் ஏற ஏறக் காற்று சரிவில் மேலே போகும். பொழுது சாய்ந்ததும் மலை குளிர்ந்து, கனத்த குளிர்காற்று சரிவில் இறங்கி ஊரில் படியும். மார்கழி விடியலில் பனி படர்ந்து நிற்பது அதனால்தான். ஆகவே அமிலம் ஊற்றுவது காலை 10 மணிக்கு மேல், மாலை 4 மணிக்குள். இரவு வேலை கிடையாது, எவ்வளவு அவசரம் என்றாலும்.

இந்தப் புகையை மூச்சில் வாங்கியவர் அன்று மாலை நன்றாகத்தான் இருப்பார். இருமல் கொஞ்சம் இருக்கும். நுரையீரலில் நீர் கோர்ப்பது பல மணி நேரம் கழித்து, நள்ளிரவில் தொடங்கலாம். “ஒண்ணுமில்லண்ணே, வீட்டுக்குப் போய்ப் படுத்தா சரியாயிடும்” என்று சொல்லும் தம்பியை அப்படியே அனுப்பிவிடாதீர்கள். பழுப்புப் புகையில் நின்றவரை ஒரு நாள் மருத்துவமனைக் கண்காணிப்பில் வையுங்கள். என்ன புகை என்று ஒரு சீட்டில் எழுதிக் கையில் கொடுத்தனுப்புங்கள்.

கழிவுநீரும் மழைக்கணக்கும்

கழுவிய நீரையும் சேர்த்து, ஒரு கிலோவுக்கு 30, 40 லிட்டர் கழிவுநீர் என்று திட்டமிடுங்கள். அதில் செம்பு 184 கிராம். ஆற்றில் விடும் கழிவில் செம்பு லிட்டருக்கு 3 மில்லிகிராமுக்கு மேல் கூடாது என்பது விதி. தண்ணீர் ஊற்றி நீர்க்கவைத்து அந்த அளவுக்குக் கொண்டுவர 61,000 லிட்டர் வேண்டும், அதுவும் ஒரே கிலோ ஜரிகைக்கு. கலக்கி விடுவது என்ற யோசனையை இங்கேயே கைவிடுங்கள். உங்கள் மனையிலிருந்து ஒரு சொட்டும் வெளியே போகாது என்ற அடிப்படையில்தான் வரைபடம் போட வேண்டும்.

மிச்ச அமிலத்தைச் சுண்ணாம்பால் ஓரளவு தணித்து, பழைய இரும்புத் துண்டுகள் போட்ட தொட்டியில் நிறுத்துங்கள். இரும்பு கரைந்து செம்பு சிவந்த தூளாகப் படியும். அதை விற்கலாம். பிறகு மீண்டும் சுண்ணாம்பு போட்டு, அமில-கார அளவு (pH) 9-க்கு வந்ததும் மிச்ச உலோகம் சேறாக இறங்கும். அந்தச் சேறு அபாயக் கழிவு. வயலுக்கோ குப்பைக்கோ போகக் கூடாது. ஈரம் வற்றவைத்து மூட்டை கட்டி, கணக்கு எழுதி, கும்மிடிப்பூண்டியில் உள்ள அபாயக் கழிவு நிலையம் போன்ற அங்கீகாரம் பெற்ற இடத்துக்கு அனுப்ப வேண்டும்.

மேலே தெளிந்த உப்பு நீரை ஆவியாக்கும் தொட்டியில் விடுகிறோம். இங்கேதான் நம் தட்பவெப்பம் கணக்கைக் கெடுக்கும். 10 சதுர மீட்டர் திறந்த தொட்டியில் 100 மில்லிமீட்டர் மழை பெய்தால் 1,000 லிட்டர் மழைநீர் சேரும். உங்கள் ஒரு மாதக் கழிவைவிட அது அதிகம். தொட்டி நிரம்பி வழிந்து, நச்சு நீர் வாய்க்காலில் இறங்குவது இப்படித்தான். எனவே தொட்டிக்குப் பக்கவாட்டில் காற்றுப் போகும்படி ஒளி ஊடுருவும் ஷீட் கூரை போடுங்கள். தகரம் போட்டால் அமிலப் புகையில் சீக்கிரமே ஓட்டையாகிவிடும். ஐப்பசி முதல் மார்கழி வரை ஆவியாதல் கிடையாது என்று வைத்து, அந்த மூன்று மாதக் கழிவும் நிற்க மூடிய தொட்டி கட்டுங்கள். வாரம் இரண்டு கிலோ வேலை நடந்தால் ஏறக்குறைய 1,000 லிட்டர். அதற்கு இடமில்லை என்றால் அந்த மூன்று மாதமும் அமில வேலையை நிறுத்தி, தரம் பிரிப்பதையும் உருக்குவதையும் மட்டும் நடத்துங்கள். தனிப்பட்ட முறையில் நான் இந்த இரண்டாவது ஏற்பாட்டையே சிபாரிசு செய்வேன்.

மின்சாரம், சாலை, ஆள்

அமிலம் ஊற்றிய பின் கரண்ட் போனால் உலை அணையும், விளக்கு அணையும். பாத்திரத்தில் நடக்கும் வினை மட்டும் நிற்காது. உறிஞ்சும் விசிறிக்கும் கழுவு கோபுரத்தின் பம்புக்கும் தனி இன்வெர்ட்டர் போடுங்கள், அதில் வேறு எதையும் மாட்டாதீர்கள். உலோகத்தைக் குருணையாக்கி, கைப்பிடி கைப்பிடியாகப் போடுங்கள். அப்போதுதான் எந்த நேரமும் பாத்திரத்தில் வினை சிறிதளவே இருக்கும். மழைநீர்த் தொட்டியை மேட்டில் வைத்தால், கண் கழுவவும் உடல் கழுவவும் பம்பு இல்லாமலே தண்ணீர் இறங்கும்.

அமிலக் கேன்கள் சந்தவாசல் வழியாக வருவதாக இருந்தால் ஆடி வெள்ளிக்கிழமைகளில் வண்டி எடுக்காதீர்கள். ரேணுகாம்பாள் கோயிலுக்கு வரும் கூட்டத்துக்கு நடுவில் அந்தச் சரக்கு நிற்கக் கூடாது. மழைக்கு முன் ஒரு மாதத்துக்கு வேண்டியதை மட்டும் சேமியுங்கள், அதற்கு மேல் வேண்டாம்.

அமிலப் பகுதியில் எப்போதும் இரண்டு பேர். ஒருவர் வேலை செய்ய, மற்றவர் கதவுப் பக்கம் நின்று பார்க்க. கூலி மிச்சம் என்று இதை ஒருவராகக் குறைத்த அன்றிலிருந்து பட்டறை பாதுகாப்பானது இல்லை.

மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்திடம் முதலில் நிறுவுவதற்கான இசைவாணை, கட்டி முடித்த பிறகு இயக்குவதற்கான இசைவாணை என்று இரண்டு வாங்க வேண்டும். விண்ணப்பத்தோடு மேலே சொன்ன வரைபடத்தையும் கழிவுக் கணக்கையும் வையுங்கள். கட்டடம் எழும்புவதற்கு முன்பே, சுற்றிலும் உள்ள நான்கைந்து விவசாயக் கிணறுகளின் நீரை அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்தில் செம்பு, நைட்ரேட், காரத்தன்மை ஆகியவற்றுக்குச் சோதித்து முடிவைக் கோப்பில் வையுங்கள். பிறகு ஆண்டுதோறும் சித்திரையில் ஒருமுறை, தை மாதம் ஒருமுறை அதே கிணறுகளில் சோதியுங்கள். முடிவுச் சீட்டின் நகலைக் கிணற்றுக்காரர் கையில் கொடுங்கள். எண் ஏறியிருந்தால் அன்றே அமிலப் பகுதியைப் பூட்டிவிட்டு, தொட்டிகளை ஒவ்வொன்றாக நீர் நிரப்பி, கசிவைத் தேடத் தொடங்குங்கள்.